கல்யாணப் படம் போட்ட பக்கம்

ஜனவரி 6, திங்கள்

கிறிஸ்துமஸ் லீவு முடிந்து முதல் நாள். ஆவண அறைக் கதவைத் திறந்ததும் குப்பென்று பூச்சி மருந்து நாற்றம். நான் இல்லாத நேரம் பார்த்து கில்பர்ட் சார் மருந்து அடிக்க வைத்திருக்கிறார். நூலக இயக்குநர் அல்லவா, என்னிடம் எதற்குச் சொல்ல வேண்டும்? காலை முழுவதும் ஜன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்தேன்.

மதியம் ஓர் அம்மா வந்தார். பெயர் வேதநாயகி, வீடு ஸ்ரீராம்புரம். பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் இருந்து ரிட்டயர் ஆனவர். கையில் ஒரு தலையணை உறை, அதற்குள் புத்தகம். புத்தகம் என்று சொல்வது ஒரு மரியாதைக்காகத்தான். தைத்த நூல் எப்போதோ அறுந்து, அத்தனையும் தனித்தனித் தாளாகக் கிடந்தது. அட்டையும் இல்லை, தலைப்புப் பக்கமும் இல்லை. பெரிய எழுத்தில் அச்சடித்த ஏதோ புராணக் கதை. புருஷன் வீட்டுச் சொத்தாம்.

வீட்டில் இருக்கும் பழைய புத்தகங்களை நாங்கள் இலவசமாகச் சரிசெய்து கொடுக்கிறோம், பதிலுக்கு ஒரு ஸ்கேன் எடுத்து வைத்துக்கொள்கிறோம். பேப்பரில் போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

"பிப்ரவரி பதினாறு என் பொண்ணுக்குக் கல்யாணம் மேடம். முந்தின நாள் நலங்குக்கு இது வேணும்."

ஆறு மாதம் ஆகும் என்று வழக்கமான பாட்டைப் பாடினேன். அவர் எழுந்திருக்கவில்லை.

"கல்யாண வேலை எதுவும் என் கைல இல்ல. எல்லாம் நாத்தனார் பாத்துக்கறாங்க. வீட்டுக்காரர் போனதுக்கப்புறம் நான் எதுக்கும் முன்னாடி நிக்கறதில்ல. இந்தப் புத்தகத்தச் சரி பண்ணிக் குடுக்கறேன்னு சொன்னேன், அதுக்கு மட்டும் யாரும் வேணாம்னு சொல்லல. என் பொண்ணுக்கு நான் செய்யறது இது ஒண்ணுதான்."

வாங்கி வைத்துக்கொண்டேன். வேறு என்ன செய்வது?

ஜனவரி 8, புதன்

தாள்களை ஒவ்வொன்றாக மேஜையில் பரப்பினேன். அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. பழைய மரக்கூழ்க் காகிதத்தின் அமிலம் உள்ளேயிருந்தே தின்றுகொண்டிருக்கிறது. நடுவில் யாரோ புண்ணியவான் செலோ டேப் ஒட்டியிருக்கிறார். செலோ டேப்பைப் பார்த்தால் எனக்கு ரத்தக்கொதிப்பு வரும். அதைப் பழுப்புப் பசையோடு சுரண்டி எடுப்பதற்குள் பாதி நாள் போய்விட்டது.

ஒரு பக்கம் அழகு. மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்த படம். பந்தல், வாழை மரம், மாலையோடு மாப்பிள்ளையும் பெண்ணும். பெண்ணுக்கு மூக்கு மட்டும் கொஞ்சம் பெரிசு. ஓரங்களில் விரல் பட்ட மாதிரிப் பழுப்புக் கறைகள். ஸ்ரீராம்புரத்துக்காரர்கள் எண்ணெய்க் கையோடு படம் பார்த்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல், லீவு. ஜீவனஹள்ளியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு பக்கத்து வீடுகளிலிருந்தும் பொங்கல் வந்தது. என் கணவர் டெரிக் இரண்டையும் ருசி பார்த்து மார்க் போட்டார்.

ஜனவரி 21, செவ்வாய்

மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

இன்றைக்குத் தாள்களைக் குளிப்பாட்டும் நாள். தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீர்த் தொட்டியில் தாளை முக்கி எடுத்தால் அமிலம் அடங்கும். கொஞ்சம் சுண்ணாம்பு தாளுக்குள்ளேயே தங்கி, இனிமேல் வரும் அமிலத்தையும் பார்த்துக்கொள்ளும். இத்தனை வருடத்தில் ஆயிரக்கணக்கில் செய்திருக்கிறேன். மை கரையுமா என்று ஒவ்வொரு தாளிலும் பஞ்சால் தொட்டுச் சோதித்தேன். கரையவில்லை. காலையிலிருந்து எல்லாம் ஒழுங்காகப் போயிற்று.

கடைசியாகக் கல்யாணப் படம்.

தண்ணீருக்குள் இறக்கியதும் ஓரத்துப் பழுப்புக் கறைகள் சிவக்க ஆரம்பித்தன. ஒன்று, அப்புறம் இன்னொன்று, அப்புறம் எல்லாம். ரத்தச் சிவப்பு. அந்தப் படத்தைச் சுற்றி யாரோ அடிபட்ட விரலை வைத்து வைத்து எடுத்த மாதிரி. அப்புறம் தலையில் அடித்துக்கொண்டேன்.

மஞ்சள்! அது மஞ்சள்டி, மடச்சி. மஞ்சளும் சுண்ணாம்பும் சேந்தா என்ன ஆகும்னு ஊர்ல ஒரு குழந்தையக் கேட்டாலும் சொல்லும். எத்தன கல்யாணத்துல ஆரத்தித் தட்டப் பாத்திருக்க? மையச் சோதிச்சியே, கறைய ஒரு சொட்டு தொட்டுப் பாத்திருக்கக் கூடாதா?

வெளியே எடுத்து ஒற்றுத்தாளில் வைத்தேன். சிவப்பு கொஞ்சம் மங்கியது. ஆனால் போகவில்லை.

கில்பர்ட் சார் வந்து பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை, ஆனால் நூலகத்துக்கு எந்த வம்பும் கிரிகிரியும் வரக் கூடாது அவருக்கு. "கொஞ்சம் சிட்ரிக் ஆசிட் தொட்டு வை பிரிஸி. திரும்ப மஞ்சளாயிடும். யாருக்குத் தெரியப் போகுது?" என்றார்.

ஆகும்தான். ஆனால் அந்த விரல் தடங்கள் இருக்கும் இடத்தில் மறுபடி அமிலம். கொஞ்ச வருடத்தில் அந்த இடங்கள்தான் முதலில் ஓட்டை விழும்.

வேதநாயகி அம்மாவுக்குப் போன் போட்டேன். நேராகச் சொல்ல வாய் வரவில்லை. "அந்தப் படத்துல மஞ்சள் கை ஏதாவது பட்டிருந்துச்சாம்மா?" என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் சிரிப்பு. "படறதாவது! வெச்சதே அதான் மேடம். எங்க வீட்டுக்கு வர்ற பொண்ணு, வீட்ட விட்டுப் போற பொண்ணு, எல்லாரும் நலங்கன்னிக்கு அதுல மஞ்சள் விரல் வைக்கணும். பூஜைல வைக்கற மாதிரிதான். நான் உங்க கிட்ட சொல்லலையா?"

சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நடந்ததைச் சொன்னேன். பின்னால் பிரஷர் குக்கர் விசில் மட்டும் கேட்டது.

"நாளைக்கு வர்றேன்" என்று வைத்துவிட்டார்.

சாப்பிடும்போது டெரிக்கிடம் சொன்னேன். "அப்போ ஆரத்தி எடுத்துட்ட. தட்டுல காசு போடணுமா?" என்றார். இந்த மனிதரோடு இருபத்திரண்டு வருடம்.

ஜனவரி 22, புதன்

கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு வேதநாயகி அம்மா அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்தார். காய்ந்த பிறகு செங்கல் நிறம். நான் மன்னிப்புக் கேட்டேன். காதில் விழுந்ததோ என்னவோ.

"இது எங்க மாமியாரோடது. பெரிய விரல் அவங்களுக்கு. இது மங்களம் அக்கா, என் நாத்தனார்." விரலை மேலேயே நிறுத்தி, தாளில் படாமல் காட்டினார். கீழ் ஓரத்தில் ஒரு சின்னத் தடத்துக்கு வந்ததும் நிறுத்தினார். "இது நான்."

அதுவும் சிவப்பு. மற்றவற்றைவிட நன்றாகவே சிவப்பு.

திடீரென்று சிரித்தார். "இத்தன வருஷம் கழிச்சு எனக்குக் குங்குமம் வெச்சு விட்டிருக்கீங்க மேடம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணீர்தான் வந்தது. அழ வேண்டியவர் அவர், தண்ணீர் கொடுத்துத் தேற்றப்பட்டவள் நான். நல்ல கூத்து.

அப்புறம் முறையை விளக்கினார். பெண் தானாக விரல் வைக்கக் கூடாதாம். வீட்டில் பெரிய சுமங்கலி அவள் விரலைப் பிடித்து மஞ்சளில் தொட்டு வைக்க வேண்டும். இவர் விரலை மாமியார் பிடித்தார். மகள் அனுஷாவின் விரலை மங்களம் அக்கா பிடிப்பார்.

"நீங்க பிடிக்கணும்னு உங்களுக்கு ஆசை இல்லையா?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"ஆசைப்பட்டு?" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்க விடவில்லை.

ஆசிட் விஷயத்தைச் சொன்னேன். மஞ்சளாக்க முடியும், ஆனால் அந்த இடங்கள் சீக்கிரம் பொடிந்துவிடும். இப்படியே விட்டால் தாள் ரொம்ப நாள் இருக்கும், ஆனால் சிவப்பாகத்தான் இருக்கும். எது வேண்டும், அவர் சொன்னால் சரி.

"ஓட்டை விழற வேலையே வேணாம். அனுஷாவுக்கு ஒரு பொண்ணு பொறந்தா அவ வைக்க இடம் இருக்கணுமில்ல? அப்படியே விடுங்க."

"வீட்டுல கேட்டா?"

"கேப்பாங்க." பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "நான் சொல்லிக்கறேன்."

ஜனவரி 24, வெள்ளி

ஜப்பான் டிஷ்யூ என்கிற மெல்லிய காகிதம், கோதுமைப் பசை. கிழிந்த ஓரங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக. கழுத்து பிடித்துக்கொண்டது.

கில்பர்ட் சார் இரண்டு முறை எட்டிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அதுவே பெரிய விஷயம்.

பிப்ரவரி 4, செவ்வாய்

தைத்துக் கட்ட நேரமில்லை. கல்யாணம் முடிந்த பிறகு கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். இப்போதைக்கு துணி ஒட்டிய அட்டைப்பெட்டி ஒன்று செய்து, தாள்களை வரிசையாக அடுக்கி, கல்யாணப் படத்தை மட்டும் தனி உறையில் போட்டு மேலே வைத்தேன். வேதநாயகி அம்மா வாங்கிக்கொண்டு போனார். தலையணை உறையையும் மறக்காமல் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"பொண்ணு பாத்தா ரொம்ப சந்தோஷப்படுவா" என்றார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

பிப்ரவரி 8, சனி

போன். எடுத்ததுமே வேதநாயகி அம்மாவின் குரல் சரியில்லை.

நாத்தனார் மங்களம் அம்மா நேற்றுப் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறார். பார்த்தவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாராம். கல்யாணம் நெருங்கும் நேரத்தில் மங்கலமான மஞ்சள் எல்லாம் ரத்தமாகியிருக்கிறது என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டாராம். சுண்ணாம்பு என்று இவர் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு சித்தி உறவு, "இத்தன வருஷம் அது யார் வீட்டுல இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டிருக்கிறாள். கேட்டுவிட்டுப் பழத்தை உரித்துத் தின்றாளாம்.

"நான் வெச்சிருந்ததால ஆச்சுன்னு நெனைக்கிறாங்க மேடம். வாயத் தொறந்து சொல்லல. ஆனா நேத்துலேர்ந்து அனுஷா பக்கத்துல என்னை விட மாட்டேங்கறாங்க. பொடவை மடிக்கக் கூட."

ஐயோ. இது நான் செஞ்சது. அந்தம்மா கையில இருந்தது ஒரே ஒரு வேலை. அதையும் எடுத்து அவங்களுக்கே எதிரா திருப்பி விட்டுட்டனே. படிச்சு என்ன, ட்ரெய்னிங் போயி என்ன? தொட்டியில முக்கறதுக்கு முன்னாடி ஒரு பஞ்சு, ஒரு சொட்டு. அவ்ளோதானே?

"நலங்கன்னிக்கு வந்து நீங்களே ஒரு வார்த்த சொல்ல முடியுமா?" என்று கேட்டார். போகிறேன் என்றேன்.

பிப்ரவரி 13, வியாழன்

கில்பர்ட் சாரிடம் சொன்னேன். "போ. ஆனா நூலகம் சார்பா எதுவும் பேசாத" என்றார். பின்னே யார் சார்பாகப் பேசுவதாம்?

பிப்ரவரி 15, சனி

வீட்டுக்கு வந்து, முகம் கழுவிக்கொண்டு உட்கார்ந்து எழுதுகிறேன். ஒன்று விடாமல் எழுத வேண்டும்.

ஸ்ரீராம்புரத்துச் சந்துக்குள் ஆட்டோ வராது என்று டிரைவர் கன்னடத்தில் சண்டை போட்டு முனையிலேயே இறக்கிவிட்டான். சந்தை அடைத்து ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகள். உள்ளே கூடத்தில் மணை போட்டு அனுஷாவை உட்கார வைத்திருந்தார்கள். கன்னம், கை, கால் எல்லாம் மஞ்சள். துறுதுறுவென்ற பெண். என்னைப் பார்த்ததும், "புத்தக ஆன்ட்டி!" என்றாள். வேதநாயகி அம்மா சமையல்கட்டு ஓரத்தில், டம்ளர்களை அடுக்கிக்கொண்டு.

மங்களம் அம்மா என்றால் ராட்சசி மாதிரி இருப்பார் என்று வண்டியில் வரும்போதே சண்டைக்கு வசனம் தயார் செய்துகொண்டு வந்தேன். ஒல்லியாக, முழங்கால் வலியோடு, பட்டுப்புடவையைச் சமாளிக்க முடியாமல் இருந்தார். "வாங்கம்மா, காபி குடிங்க" என்றுதான் ஆரம்பித்தார்.

காபியைக் குடித்துவிட்டுச் சொன்னேன். ஆரத்தி கரைக்கும்போது மஞ்சளில் சுண்ணாம்பு போடுகிறீர்களே, அதேதான் இதுவும். தப்பு என்னுடையது. இந்த அம்மாவின் கையில் ஒன்றுமில்லை. புத்தகம் என் மேஜையில் இருந்தபோது ஆனது. எல்லோருக்கும் கேட்கிற மாதிரி இரண்டு முறை சொன்னேன்.

எல்லோரும் தலையாட்டினார்கள். மங்களம் அம்மாவும் ஆட்டினார்.

"நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கும்மா. ஆனா என் தம்பி தவறிப்போன வருஷமும் இப்படித்தான், ஒவ்வொண்ணா கண்ணுல பட்டுச்சு. நான் கண்டுக்கல. அப்பவே கண்டுக்கிட்டிருந்தா..." பட்டுப்புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டார். "அந்தச் செவப்பு மேல நான் கை வெக்க மாட்டேன். என் தம்பி பொண்ணு அவ. இந்தத் தடவ இது வேணாம், விட்டுடலாம்."

தயார் செய்து வந்த வசனமெல்லாம் எனக்கு மறந்து போயிற்று. இந்த அம்மாவுக்கு இருப்பது பயம். தம்பியைப் பறிகொடுத்த அக்காவிடம் போய் நான் என்ன வேதியியல் பேசுவது? ஆனால் அந்தப் பக்கம் வேதநாயகி அம்மாவின் கையில் டம்ளர் அப்படியே நின்றிருந்தது. புத்தகமும் வேண்டாம் என்றால் அவருக்கு இந்தக் கல்யாணத்தில் மிச்சம் ஒன்றும் இல்லை.

"விட முடியாது அத்தை" என்றாள் அனுஷா. "உங்களுக்கு பயமா இருந்தா வேணாம். அம்மா பிடிக்கட்டும்."

"அதெப்படி..." என்று ஆரம்பித்தாள் அந்தச் சித்தி.

"பிடிக்கறதுன்னா பிடிக்கட்டும்" என்றார் மங்களம் அம்மா, யாரையும் பார்க்காமல். "நான் சரின்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல." நொண்டிக்கொண்டே போய் நிலைப்படியில் சாய்ந்து நின்றுகொண்டார்.

வேதநாயகி அம்மா நகரவே இல்லை. "ம்மா, கால் மரத்துப் போச்சு, சீக்கிரம் வா" என்று மகள் அதட்டிய பிறகுதான் டம்ளரை வைத்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தார்.

தாளை உறையிலிருந்து நான்தான் எடுத்தேன். என் மேஜைக்குப் பக்கத்தில் யாரையும் டீ குடிக்கக் கூட விடாதவள், பலகையில் வைத்து இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு மண்டி போட்டேன். பித்தளைக் கிண்ணத்தில் கொழகொழவென்று மஞ்சள். "ரொம்ப ஈரமா வேணாம், கொஞ்சமா தொடுங்க" என்று கெஞ்சினேன். நாலு பேர் சிரித்தார்கள்.

அம்மா மகளின் விரலைப் பிடித்தார். இரண்டு விரலும் சேர்ந்தே மஞ்சளில் முங்கின. படத்துக்குக் கீழே, அவருடைய தடத்துக்குப் பக்கத்தில் காலி இடம். வைத்து அழுத்தினார். பளிச்சென்று மஞ்சள்.

மூச்சு விட்டேன். விட்ட மூச்சு பாதியிலேயே நின்றது. அந்த மஞ்சள் ஓரத்திலிருந்து ஆரஞ்சாக மாறிக்கொண்டிருந்தது.

நான் யோசிக்கவே இல்லை! தாளுக்குள் சுண்ணாம்பு தங்கியிருக்கிறது. அது தங்க வேண்டும் என்றுதானே முக்கினேன்? எல்லோர் கண்ணெதிரிலும் புது மஞ்சள் மெல்ல மெல்லச் சிவந்தது. முடிந்தது கதை, இந்தப் பொம்பளை தொட்டதால்தான் என்று இப்போது வாயைத் திறந்தே சொல்லப் போகிறார்கள். பலகையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"அட, எல்லாரோடதும் ஒரே மாதிரி ஆயிடுச்சே" என்றாள் ஒரு சின்னப் பெண், மாப்பிள்ளை வீட்டுக்காரியோ என்னவோ.

மங்களம் அம்மா நிலைப்படியை விட்டு வந்தார். குனிய முடியாமல் குனிந்து பார்த்தார்.

"வேதா, என்னுது எது?"

"மேல, அந்தப் பந்தல் கால் பக்கத்துல அக்கா."

தன் தடத்தையும் அனுஷாவின் தடத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "சரி சரி, டிபன் ஆறுது, எல்லாரும் வாங்க" என்றார்.

பலகையைக் கீழே வைத்த பிறகுதான் என் முழங்கால் வலித்தது. அந்தத் தாள் இனிமேல் எப்படி இருக்கும் என்று தொழில்முறையில் கவலைப்பட வேண்டும். பட முடியவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

காலை ஆராதனைக்கு டெரிக் தனியாகப் போனார். நான் கல்யாணத்துக்குப் போனேன்.

மேடையில் தாரை வார்த்துக் கொடுத்தது மங்களம் அம்மாவும் அவர் கணவரும்தான். அதில் மாற்றம் ஒன்றும் இல்லை. வேதநாயகி அம்மா கீழே, இரண்டாவது வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. ஏதாவது சொல்ல வேண்டும் என்று திரும்பினேன். அப்போதுதான் அவர் கை கண்ணில் பட்டது. வலது ஆள்காட்டி விரல் நுனியில், நகக்கண் வரைக்கும் மஞ்சள்.

"இன்னும் போகலையாம்மா?"

"தேய்ச்சா போயிடும்" என்றார், மேடையைப் பார்த்துக்கொண்டே. "நான் தேய்க்கல."

மேளம் வேகமெடுத்தது. அட்சதைத் தட்டு எங்கள் வரிசைக்கு வந்தது. ஆளுக்கு ஒரு பிடி எடுத்துக்கொண்டு எழுந்து நின்றோம்.